தொட்டித் தண்ணீர் வந்த வழி: ஆனைமலை அடிவாரத்தில் தோப்பும் பயணமும்

காலை ஆறரை மணிக்கு மோட்டார் போட்டால் குழாய் முதலில் இரண்டு முறை செருமும். கொஞ்சம் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்து, தொட்டிக்குள் தண்ணீர் கனமாகக் கொட்ட ஆரம்பிக்கும். தொட்டி நிரம்பினால் வழிகிற தண்ணீர் வாய்க்கால் பிடித்துத் தென்னை வரிசைக்குள் போய்விடும். ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமா தோப்பில், சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டிய இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட ஆரம்பித்து ஐந்தாறு வருடம் ஆகிறது. வருகிற பிள்ளைகள் எல்லாம் முதலில் ஓடுவது இந்தத் தொட்டிக்குத்தான். அத்தை ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வைத்திருக்கிறார்: "சோப்பு மட்டும் போட வேண்டாம் கண்ணு, இந்தத் தண்ணி மரத்துக்குப் போகுது."

பெரியவர்கள் கேட்பது வேறு. "இங்கே சுத்திப் பார்க்க என்னங்க இருக்கு?" ஆழியாறு அணை, குரங்கு அருவி, டாப்சிலிப், பரம்பிக்குளம், வால்பாறை, திருமூர்த்தி மலை, மாசாணியம்மன் கோயில் என்று மாமா சொல்லிக்கொண்டே போவார். அவர்கள் கைப்பேசியில் குறித்துக்கொண்டு இரண்டே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடப் புறப்படுவார்கள். சாயங்காலம் களைத்துப் போய்த் திரும்பி வந்து, அருவியை மூடியிருந்தார்கள், செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அணையில் தண்ணீரே இல்லை என்று வருத்தப்படுவார்கள். இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. தனித்தனியாகத் தெரிகிற இந்த இடங்களை எல்லாம் ஒரே தண்ணீர்தான் கோக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அது தெரிந்துவிட்டால் எங்கே போவது, எப்போது போவது, எதை விட்டுவிடலாம் என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

ஆனைமலையின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் இடம். வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லார், தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மழை தன் போக்கில் விட்டால் கேரளம் வழியாக அரபிக்கடலுக்குப் போய்விடும். மலைக்குக் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமோ மழை மறைவுப் பகுதி. மேற்கே ஓடுவதில் ஒரு பங்கைச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பியதுதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். எங்கள் ஊர்ப் பேச்சில் 'பி.ஏ.பி. தண்ணி'. இரு மாநில ஒப்பந்தம் 1970 மே 29-ல் கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு.

தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். நீராற்றில் மறித்த தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறுக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், அடுத்து தூணக்கடவு, பிறகு மலையை விட்டு இறங்கிச் சேத்துமடைப் பக்கம் சர்க்கார்பதி மின் நிலையம். மின்சாரம் எடுத்த பிறகு காண்டூர் கால்வாயில் விழுகிறது. மலையடிவாரத்தின் சம உயரக் கோட்டை ஒட்டியே வெட்டப்பட்ட கால்வாய் இது. வளைந்து வளைந்து 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணையில் சேர்கிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் இருப்பது கேரள மண்ணில்; பராமரிப்பது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் வெளியேறியபோது, மலைக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் அதே பேச்சாக இருந்தது. அணை இருப்பது காட்டுக்குள்ளே, கவலை இருப்பது நாலு தாலுகா தள்ளி.

ஆழியாற்றின் கதை கொஞ்சம் வேறு. மேல் ஆழியாற்றிலிருந்து நவமலை மின் நிலையம் வழியாக இறங்கும் தண்ணீர் ஆழியாறு அணையில் தேங்குகிறது. 1962-ல் திறக்கப்பட்ட அணை. முழு மட்டம் 120 அடி. அங்கிருந்து ஆறாக ஓடும் தண்ணீர் ஆனைமலை வயல்களுக்குப் பாய்ந்துவிட்டு, மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்து பாரதப்புழையில் சேர்கிறது. ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி, அந்தப் பக்கம் போயாக வேண்டும். அரியாபுரம், காரப்பட்டி, பள்ளிவிளங்கால், பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து வாய்க்கால்கள் நனைக்கும் 6,400 ஏக்கரைப் 'பழைய ஆயக்கட்டு' என்பார்கள்; ஆயக்கட்டு என்றால் பாசனம் பெறும் நிலம். அணை கட்டுவதற்கு முன்பிருந்தே உரிமை உள்ள வயல்கள். சினிமாப் பாட்டுகளில் நீங்கள் பார்த்த, பின்னால் நீல மலையும் முன்னால் பச்சை நெல்லுமான காட்சிகளில் பல இந்த வயல்களில் எடுத்தவை.

ஆகவே முதல் நாளைக்கு என் யோசனை: வண்டி எடுக்காதீர்கள், அல்லது குறைவாக எடுங்கள். தோப்பிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து வயலுக்குப் போங்கள். நெல் நட்டிருக்கும் காலமென்றால் கொக்கும் நாரையும் வரப்புக்கு வரப்பு நிற்கும். ஆனைமலை ஊருக்குள்ளே மாசாணியம்மன் கோயில். அம்மன் படுத்த கோலத்தில், பதினைந்து அடிக்கும் மேல் நீளமாக, வானம் பார்த்துக் கிடக்கும் உருவத்தை முதல் முறை பார்க்கிறவர்கள் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். அநீதி இழைக்கப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து நீதிக் கல்லில் பூசுவார்கள். காரம் மூக்கில் ஏறும்; அதை வேடிக்கையாக எண்ணிப் படம் எடுக்காதீர்கள், அரைக்கிறவர் ஏதோ ஒரு பெரிய இழப்போடு வந்திருப்பார். செவ்வாய், வியாழன் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. மாடு வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போகலாம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை.

சாயங்காலத்துக்கு ஆழியாறு. கரை மேல் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வெயில் சாய்ந்த பிறகு நடந்தால் ஒரு பக்கம் தண்ணீரும் மலையும், மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தென்னந்தலைகளும். கீழே அணை மீன் வறுத்துக் கொடுக்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் குறைவாக இருந்தால் ஏமாற்றம் வேண்டாம். சித்திரையில் மட்டம் இறங்கிக் கிடப்பது, அந்தத் தண்ணீர் ஏற்கெனவே வயலுக்கும் குடிநீருக்கும் போய்விட்டது என்பதற்கு அடையாளம்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. இந்தப் பக்கம் வருடந்தோறும் ஆற்றிலும் கால்வாயிலும் வெளியூர்ப் பிள்ளைகள் மூழ்கிப் போகிறார்கள். காரணம் பெரும்பாலும் நீச்சல் தெரியாதது மட்டுமில்லை, இந்தத் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் தெரியாததும்தான். கால்வாயின் கரை கான்கிரீட் போட்டுச் சரிவாக இருக்கும். பாசி படிந்து வழுக்கும். உள்ளே விழுந்தவர் பிடித்து ஏற ஒரு புல்கூட இருக்காது. பார்க்க அமைதியாக ஓடும், ஆளை இழுக்கும் வேகம் உள்ளே இறங்கினால்தான் தெரியும். மின் நிலையத்தில் தண்ணீர் திறந்தால் ஆற்று மட்டம் சொல்லாமல் உயரும். கீழே நல்ல வெயிலாக இருக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும். அரை மணி நேரத்தில் அருவியில் செந்நிறமாக வெள்ளம் இறங்கும். குரங்கு அருவியையும் திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவியையும் வனத்துறையினரும் கோயில் ஊழியர்களும் திடீரென்று மூடுவது இதனால்தான். மூடிவிட்டார்களே என்று கோபித்துக்கொண்டு, ஆளில்லாத வேறொரு பாறைக்குழியைத் தேடிப் போவதுதான் ஆபத்து. குளிக்க ஆசையென்றால் தோப்புத் தொட்டி இருக்கிறது. அதில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் அடுத்து மரத்துக்குத்தான் போகப் போகிறது. வீண் என்பதே இல்லை. தங்கும் தோட்டங்கள் சில இப்போது நீலக்கல் பதித்த நீச்சல் குளம் கட்டுகின்றன. மருந்து கலந்த அந்தத் தண்ணீரை மரத்துக்கு விட முடியாது. கிணறு வற்றுகிற ஊரில் இது தேவையா என்று கட்டுகிறவர்கள் ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

அடுத்து காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கும் மேல் வாய் திறந்து நிற்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வைகாசிக் கடைசியில் அதன் வழியே நுழையும் காற்று ஆடி முடிய ஓயாது. நாடெங்கும் மழை, மலைப்பக்கம் போகாதே என்கிற அந்த மாதங்களில்தான் தோப்பு மிக அழகாக இருக்கும். சாரல் வரும், போகும். நனைந்த சட்டை காற்றிலேயே காயும். அப்போது மலை ஏறுவதைக் குறைத்துக்கொண்டு சமவெளியில் சைக்கிளில் சுற்றலாம். மீன்கரை ரோடு வழியாகக் கேரள எல்லை தாண்டிக் கொல்லங்கோட்டுப் பக்கம் போனால் நெல்லியாம்பதி மலைமேல் அருவிகள் வெள்ளிக் கோடு போல இறங்குவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். ஒன்று மட்டும்: காற்றடிக்கும்போது தென்னைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காராதீர்கள். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே போதும். தையிலிருந்து பங்குனி வரை வானம் தெளிவாக இருக்கும், மலை துல்லியமாகத் தெரியும். ஆனால் காடு காய்ந்திருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, தீ அபாயம் உள்ள மாதங்களில் நடைப்பயணத் தடங்களை மூடுவது கண்டிப்பாகிவிட்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது தடங்களை இணைய முன்பதிவோடு திறந்தது. ஆழியாறு கால்வாய்க் கரைத் தடமும் டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரை செல்லும் தடமும் அதில் உண்டு. வழிகாட்டிகளாக வருவது அந்தந்த மலையின் மக்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். யாரோ தெரிந்தவர் கூட்டிப்போகிறார் என்று திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் போகாதீர்கள்.

டாப்சிலிப்புக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவதுதான் நியாயம். பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சேத்துமடை செக்போஸ்ட் தாண்டியதும் மலைப்பாதை. வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்குத் தடிகளை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். அப்படி வழுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் ஆனது. கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் இந்தத் தேக்கு போனது. மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் 1907-ல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க ஒரு டிராம் பாதையே போட்டது. அது 1963 வரை ஓடியது. இத்தனை வெட்டிய பிறகு காடு என்னாகும்? மொட்டையானது. அப்போது வந்த வனத்துறை அதிகாரி ஹ்யூகோ வுட், வெட்டிய தேக்கின் அடிக்கட்டையை விட்டுவைத்து அதிலிருந்து துளிர்க்கவிடும் முறையைக் கொண்டுவந்தார். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று ஊரில் சொல்வார்கள். 1933-ல் இறந்தார், அவர் விரும்பியபடியே அந்தத் தேக்குகளுக்கு நடுவே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி. நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயானால் உன்னைச் சுற்றிப் பார் என்பது அதன் பொருள்.

அந்த வரியைப் படித்து நான் நெகிழ்ந்திருக்கிறேன். அதே இடத்தில் நின்று இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வரிசை பிடித்து நிற்கும் தேக்கு, நட்டு வளர்த்த தோட்டம். அதற்கு முன் அங்கே இருந்தது பலவகை மரங்கள் கலந்த இயற்கைக் காடு. அதில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் மக்கள். தடி வெட்டவும் யானை பழக்கவும் அவர்களுடைய உழைப்புதான் ஆதாரம். கோழிகமுத்தி யானைகள் முகாமில் இன்றைக்கும் பாகன்கள் பலர் மலசர் மக்கள். யானை குளிப்பதையும், ராகிக் களி உருண்டை வாங்கிக்கொள்வதையும் பார்க்கிறவர்கள், பாகன் அதன் காதருகே சொல்கிற சொற்களையும் கொஞ்சம் கவனியுங்கள். பரம்பரையாகக் கைமாறிவந்த சொற்கள் அவை.

இந்தக் காடு 2007-ல் ஆனைமலை புலிகள் காப்பகமானது. 2010-ல் பரம்பிக்குளமும் புலிகள் காப்பகம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் பரம்பிக்குளத்துக்குச் சாலை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். தூணக்கடவு அருகே கன்னிமரத் தேக்கு நிற்கிறது; ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற பருமன். கோடரி பட்டதும் இரத்தம் பீறிட்டதாகவும், அதனால் வெட்டாமல் விட்டுக் கன்னியாக வணங்கினார்கள் என்றும் கதை. இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிகள், இரண்டு கட்டணங்கள், உள்ளே வனத்துறை வண்டியில்தான் சுற்ற வேண்டும். டாப்சிலிப்பையும் பரம்பிக்குளத்தையும் ஒரே நாளில் அடைக்க முயல்கிறவர்கள் இரண்டையும் வண்டிக் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

வால்பாறை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், 40 கிலோமீட்டர். ஒரு நாளில் போய்த் திரும்ப முடியும். அதற்கு விடியும்போதே செக்போஸ்ட்டில் நிற்க வேண்டும், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சி முனை. கீழே ஆழியாறு அணை ஒரு கைக்கண்ணாடி மாதிரி கிடக்கும்; நீங்கள் தங்கியிருக்கும் தோப்பும் அந்தப் பச்சையில் எங்கேயோ இருக்கும். அந்தப் பாறைகளில் வரையாடுகள் நிற்கும். மேலே போனால் தேயிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் மழைக்காட்டை வெட்டிப் போட்ட தோட்டங்கள். அவருக்குச் சாலையோரம் சிலை இருக்கிறது. மிச்சமானது துண்டு துண்டான சோலைகள். புதுத்தோட்டம் பக்கம் அந்தத் துண்டுகளுக்கு இடையே சாலையைக் கடக்கிற சோலைமந்திகளுக்காக (சிங்கவால் குரங்குகளுக்காக) மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு பிஸ்கட் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் பாலத்தை விட்டு ரோட்டுக்கு இறங்குகின்றன, வண்டியில் அடிபடுகின்றன.

யானை நடமாட்டம் இருந்தால் வால்பாறையில் சிவப்பு விளக்கு எரியும், தொழிலாளர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். அங்கே வாழ்கிறவர்கள் அதை மதித்துத்தான் நடக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் இந்தச் சாலையில் யானை நின்றதால் வண்டிகள் எல்லாம் நின்றிருக்க, பைக்கில் கடக்க முயன்ற ஜெர்மானியப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். முன்னால் நிற்கிற லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் நீங்களும் காத்திருங்கள்; அவர் அந்தச் சாலையில் பல வருடம் ஓட்டியவர்.

தோப்புக்காரர்கள் ஏன் அறை கட்ட ஆரம்பித்தார்கள் என்பதும் வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016 வாக்கில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. இலைக்கு அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதன் கழிவு படிந்த மட்டையில் கரும்பூஞ்சை ஏறி, மரமே கரி பூசியது போல நிற்கும். பின்னால் கேரள எல்லைப் பக்கமிருந்து வேர் வாடல் நோய் பரவியது. பல தோப்புகளில் காய்க்கிற மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். மாமா தோப்பில் மேற்கு வரிசையில் இருக்கிற இடைவெளிகள் அப்படி வந்தவைதான். அறைக்கு நீங்கள் கொடுக்கிற வாடகை அந்த இடைவெளிகளில் புதுக் கன்று வைக்க உதவுகிறது.

இத்தாலியில் 1985-லேயே பண்ணைத் தங்கலுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். விருந்தினரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மகாராஷ்டிரா 2020-ல் வேளாண் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. நம் பக்கமும் அந்த வரம்பு தெளிவாக வேண்டும் என்பது என் ஆசை. தோப்பு என்று பெயர் வைத்து, நாலு மரத்தை அலங்காரத்துக்கு விட்டு, இரவெல்லாம் ஒலிபெருக்கி வைக்கிற விடுதிகள் மலையடிவாரத்தில் முளைக்கின்றன. அவற்றின் வெளிச்சமும் சத்தமும் காட்டோரத்தில் நடக்கிற யானையைப் பக்கத்துத் தோட்டத்துக்குள் தள்ளுகின்றன. இடிபடுவது பக்கத்துக்காரர் வேலி. எனவே இடம் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப தோட்டத்துல என்ன வேலைங்க நடக்குது?" உடனே பதில் வந்தால் அது தோட்டம்.

முடிந்தால் காய் போடுகிற நாளுக்கு வாருங்கள்; ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும், முன்கூட்டியே கேட்டால் சொல்வார்கள். அன்றைக்கு எந்த அணைக்கும் போக வேண்டாம். நீளக் கழியின் நுனியில் கட்டிய அரிவாளோடு ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். எந்தக் குலை முற்றியது என்று கீழிருந்தே தெரிகிறது அவருக்கு. குலை விழும்போது தரை அதிர்வது காலில் தெரியும். பின்னால் காய்களைக் குவிக்கிறவர்கள், உரிக்கிறவர்கள். மண்ணில் நட்ட பாரையில் காயைக் குத்தி ஒரு திருகு, இன்னொரு பக்கம் ஒரு திருகு, மூன்றாவதில் மட்டை கழன்று விழும். நான் எண்ணிப் பார்த்தபோது நாலைந்து நொடிதான் ஆனது. போன தடவை வந்த பள்ளிக்கூடப் பையன் தானும் முயன்றான். கால் மணி நேரம் போராடி ஒரு காயை உரித்தான். உரிக்கிற அண்ணன் அதை வாங்கி, குடுமியில் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்துவிட்டு, குவியலில் போடாமல் அவன் கையிலேயே கொடுத்தார். மதியம் அத்தை அதைத்தான் துருவி, சந்தகைக்கு (எங்கள் பக்கத்து இடியாப்பத்துக்கு) பால் பிழிந்தார்.